பெயர்ப்பலகைக் கடைகள் ஊருக்கு என்ன செய்யலாம்?

2009இல் யுத்தம் முடிந்து ஏ-9 வீதி மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின்னர், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் மிக விரைவாக எழுந்தவை கடைகளின் பெயர்ப்பலகைகள். கூரைக்குத் தகரம் கிடைக்காமல் எம்மவர் தறப்பாளின் கீழ் இருந்த நாட்களிலேயே, தையல் மெசின், குளிர்சாதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள், கைத்தொலைபேசி விற்கும் நிலையங்கள் கண்ணாடிக் கதவுகளுடன் திறக்கப்பட்டுவிட்டன. இவற்றிற் பல வெளியூர்க் கொம்பனிகளின் பெயரைத் தாங்கியவை. ஆனால் கல்லாவில் இருப்பவர் பல இடங்களில் எங்கள் ஊர்க்காரர்தான். கொம்பனியின் பெயரையும் பண்டத்தையும் வியாபார முறையையும் ஒப்பந்தம் எழுதிப் பெற்று, தமது சொந்த முதலைப் போட்டு நடத்துகிறார். எங்கள் பக்கத்தில் இதனை 'ஏஜென்சி எடுத்தல்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். சட்டம் படித்தவர்கள் ஏஜென்சி வேறு, பிரான்சைஸ் வேறு என்று பிரித்துக் காட்டுவார்கள். பெயர் ஓரிடத்தில், முதல் இன்னோரிடத்தில் என்பது இரண்டுக்கும் பொது. இக்கட்டுரைக்கு அது போதும்.

இத்தகைய வியாபாரிகள் ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி கேட்கிறது. அவர்களும் செய்கிறார்கள். தை மாதத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பை, வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதி, சந்தியில் கொம்பனியின் நிறம் பூசிய பஸ் தரிப்பிடம். இவற்றை நாம் குறை கூறவில்லை. மழையில் நனைந்து நின்றவருக்குக் கூரை கூரைதான். ஆயினும் அந்தக் கடை வருடம் முழுவதும் எங்களுடன் நடத்தும் கொடுக்கல் வாங்கல் எப்படிப்பட்டது என்ற கேள்வியைப் புத்தகப்பை மறைத்துவிடக் கூடாது. யாரிடம் பொருள் வாங்குகிறது? யாரை வேலைக்கு எடுக்கிறது? எப்படி நிறுக்கிறது? எத்தனை நாளில் காசு கொடுக்கிறது? கடனுக்குக் கொடுத்தால் எவ்வளவு வட்டி வைக்கிறது? ஊருக்கு நன்மையா தீமையா என்பது இந்த இடங்களில்தான் தீர்மானமாகிறது.

இந்த வியாபார முறை எங்களுக்குப் புதியதுமல்ல. உலகில் இம்முறையின் முன்னோடி என்று பலரும் காட்டுவது சிங்கர் கொம்பனியை. அமெரிக்காவில் 1851இல் தொடங்கிய அந்த ஸ்தாபனம், தனது தையல் மெசினை ஊர் ஊராக விற்பதற்கு உள்ளூர் ஆட்களிடம் விற்பனை உரிமையைக் கொடுத்தது. 1856இல் தவணைக் கட்டண முறையையும் கொண்டுவந்தது. முழுப்பணம் இல்லாத குடும்பமும் சிறு தொகையைக் கட்டி மெசினை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இலங்கைக்கு சிங்கர் வந்தது 1877இல். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சீதனத்தோடு போன மெசின்கள் எத்தனை, இடம்பெயரும்போது சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுபோன மெசின்கள் எத்தனை! நெற்காணியை விட்டு ஓடிய பின்னும், முகாமில் சட்டை தைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாரை எங்கள் வாசகர்கள் அறிவார்கள். ஒரு வியாபாரப் பண்டம் குடும்பத்தின் பிழைப்புக் கருவியாக மாறியதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. அதே தவணைமுறை பின்னாளில் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

பெயர் உரிமை கொடுத்து வியாபாரம் செய்யும் ஒருவர், சமூகக் கடமையை அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே எப்படிப் புகுத்தலாம் என்பதற்கு மிகவும் பேசப்பட்ட உதாரணம் இங்கிலாந்தின் பொடி ஷொப். அனிற்றா றொடிக் என்ற பெண்மணி 1976 மார்ச்சில் பிரைற்றன் நகரில் திறந்த சிறிய கடை அது. சவர்க்காரம், உடற்பூச்சு போன்றவற்றை விற்றார். கடைகளைப் பெருக்கப் போதிய முதல் அவரிடம் இருக்கவில்லை. ஆகவே விரும்பியவர்களுக்குப் பெயர் உரிமையைக் கொடுத்தார். அவர்கள் தமது முதலில் கடை திறந்தார்கள். 2006ஆம் ஆண்டளவில் 50க்கு மேற்பட்ட நாடுகளில் 2,000க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன.

அவரிடம் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, உரிமை பெற்ற ஒவ்வொரு கடையும் தனது சுற்றாடலில் ஒரு சமூகப் பணியைப் பொறுப்பேற்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். முதியோர் இல்லமோ, ஊனமுற்ற பிள்ளைகளின் பாடசாலையோ, எதுவென்று கடைக்காரரே தெரிவு செய்யலாம். ஊழியர்கள் அந்தப் பணிக்குப் போவது ஓய்வு நேரத்தில் அல்ல. சம்பளத்துடன் கூடிய வேலை நேரத்தில். இந்தச் சிறு வேறுபாடு முக்கியமானது. ஓய்வு நேரத்தில் செய்யச் சொன்னால் தர்மம் செய்தவர் ஊழியர். சம்பள நேரத்தில் அனுப்பினால்தான் முதலாளியின் பங்கு அதில் இருக்கிறது.

இரண்டாவது, பொருள் வாங்கும் முறை. 1987 முதல், உதவிப் பணம் அனுப்புவதற்குப் பதிலாக வறிய சமூகங்களிடமிருந்து நேரடியாகப் பொருள் வாங்குவது என்று ஒரு திட்டத்தை அந்த ஸ்தாபனம் தொடங்கியது. அதன் முதல் வழங்குநர்கள் எங்கள் மொழி பேசுபவர்கள். தமிழ்நாட்டில் மதுரைக்கு அண்மையிலுள்ள திருமங்கலத்தில் இயங்கும் ரெடி எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஸ்தாபனம் மரத்தாற் கடைந்த பாத உருளைகளையும் பிடித்துவிடும் கருவிகளையும் செய்து அனுப்பியது. அந்த வருமானத்திலிருந்து பாடசாலை, சுகாதாரப் பணி என்பவற்றை நடத்த ஒரு நம்பிக்கைப் பொறுப்பையும் அமைத்துக்கொண்டார்கள். கடைச்சல் பட்டறையிலிருந்து ஓர் ஊரின் பாடசாலைக்குக் காசு போயிருக்கிறது. நன்கொடைப் பட்டியலில் பெயர் போடாமலே அது நடந்தது.

எள்ளு விதைக்கும் எங்கள் வாசகர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். மத்திய அமெரிக்காவில் நிக்கரகுவா என்ற நாடு 1980களில் உள்நாட்டு யுத்தத்தில் அழிந்தது. 1990இல் யுத்தம் ஓய்ந்தபோது, அச்சுவாப்பா என்ற மலைப்பகுதியின் விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். அவர்களிடம் இருந்த பயிர் எள்ளு. எள்ளைத் தரகருக்கு மூட்டையாக விற்றுவிடாமல் ஊரிலேயே ஆலை வைத்து எண்ணெய் பிழிந்தார்கள். 1990களின் முற்பகுதியிலிருந்து அந்த எண்ணெயை வாங்கியவர்களில் பொடி ஷொப் ஒன்று. இங்கு மூன்று காரியங்கள் ஒன்றுசேர்ந்தன: விவசாயிகளின் சங்கம், ஊரிலேயே பதப்படுத்தல், ஆண்டுதோறும் வாங்கும் ஒருவர். இவற்றில் எது குறைந்தாலும் மற்ற இரண்டும் நின்றிருக்காது என்பது என் எண்ணம். எங்கள் பகுதியில் திட்டங்கள் வந்து போனதன் பின் மூடிக் கிடக்கும் கட்டிடங்களைப் பார்த்தவர்கள் இதனை விளங்கிக்கொள்வார்கள். அங்கெல்லாம் கட்டிடம் வந்தது, இயந்திரமும் வந்தது, வாங்குபவர் வரவில்லை.

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரின் ஓரத்தில் ஈஸ்ரர்ஹவுஸ் என்ற குடியிருப்பு உண்டு. வேலையின்மையால் பெயர் கெட்டுப்போன இடம். மலிவான நிலமும் வசதியான பாதையும் வேறெங்கோ கிடைத்திருக்கும். ஆனாலும் 1980களின் இறுதியில் சவர்க்காரத் தொழிற்சாலையை அங்கேதான் றொடிக் அமைத்தார். அதன் இலாபத்தில் நாலில் ஒரு பங்கு அந்த ஊருக்கு என்றும் வாக்குக் கொடுத்தார். அவருடைய கணவர் கோர்டன் றொடிக் 1991இல் ஜோன் பேர்ட் என்பவருடன் சேர்ந்து இலண்டனில் 'பிக் இஷ்யூ' என்ற சஞ்சிகையைத் தொடக்கினார். வீடில்லாதவர்கள் அதைக் குறைந்த விலைக்கு வாங்கித் தெருவில் விற்று இலாபத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம். வீடில்லாதவரைக் கையேந்துபவராகப் பார்க்காமல் சிறு வியாபாரியாகப் பார்த்தார்கள்.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1994இல் 'பிஸ்னஸ் எதிக்ஸ்' என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் வந்த நீண்ட கட்டுரை ஒன்று பொடி ஷொப் சொல்வதற்கும் செய்வதற்கும் இடைவெளி உண்டு என்று குற்றஞ்சாட்டியது. பெரிய சர்ச்சை எழுந்தது. வறிய சமூகங்களிடம் வாங்கியது அக்கொம்பனியின் மொத்த வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியே என்பது விமர்சகரின் வாதங்களில் ஒன்று. 2006இல் கொம்பனி பிரான்ஸின் லோறியலுக்கு 652 மில்லியன் பவுணுக்குக் கைமாறியது. மறு வருடம் செப்டெம்பரில் அனிற்றா இறந்துபோனார். 2017இல் பிரேசிலின் நற்றூரா வாங்கியது. 2023இன் இறுதியில் ஒரு முதலீட்டு ஸ்தாபனம் வாங்கியது. 2024 பெப்ரவரியில் பிரித்தானியப் பிரிவு கடனடைக்க முடியாமல் நிர்வாகிகளின் பொறுப்பில் விடப்பட்டது. பல கடைகள் மூடப்பட்டன. பொருள் வழங்கியவர்கள் பலருடைய பணம் நிலுவையில் நின்றது. அந்த ஆண்டின் செப்டெம்பரில் இன்னொரு குழுவினர் வாங்கி நடத்தத் தொடங்கினர்.

நல்லவர் ஒருவரின் மனதில் மட்டும் இருக்கும் கொள்கை அவர் போனபின் நிலைப்பது கடினம். ஆகவே வியாபாரத் தலைவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இரக்கத்தை அல்ல. எழுத்தில் உள்ள உடன்படிக்கையைக் கேட்க வேண்டும். விவசாயிகளும் ஒரே வாங்குநரை நம்பி முழுக் காணியையும் ஒரே பயிரில் விடக் கூடாது. நிக்கரகுவாக் கூட்டுறவு எள்ளெண்ணெயோடு வேறு வாங்குநரையும் வேறு உற்பத்தியையும் தேடிக்கொண்டது கெட்டித்தனம்.

உரிமை பெற்ற கடைக்காரர்கள் சேர்ந்து தொடங்கிய நற்காரியங்களும் உண்டு. 1974இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்த ஓட்றி எவன்ஸ் என்ற பெண் வைத்தியர், தூர இடங்களிலிருந்து வரும் பெற்றோர் தங்குவதற்கு ஆஸ்பத்திரிக்கு அருகே ஒரு வீடு தேவை என்றார். அந்நகரின் அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டக் குழுவும் உள்ளூர் மக்டொனால்ட்ஸ் கடை உரிமையாளர்களும் ஒரு பானத்தின் விற்பனைப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. பிள்ளையை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ மகரகமையிலோ விட்டு, இரவில் வாங்கிலில் படுத்த பெற்றோருக்கு இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடைக்காரர்கள் விற்றது மாட்டிறைச்சிப் பணிஸ். செய்தது தங்கள் ஊருக்கு உண்மையில் எது தேவை என்று தெரிந்த ஒருவரைக் கேட்டுச் செய்த காரியம். எங்களூர் வியாபாரிகள் பஸ் தரிப்பிடம் கட்டுவதற்கு முன் யாரைக் கேட்கிறார்கள்?

இனி எங்கள் முற்றத்துக்கு வருவோம். கே.எஃப்.சி.யின் இலங்கை உரிமையை வைத்திருப்பது கார்கில்ஸ். அதே கொம்பனி தனது ஃபூட் சிற்றி கடைகளுக்காக 1999இல் ஹங்குராங்கெத்தையில் விவசாயிகளிடம் நேரடியாக மரக்கறி வாங்கத் தொடங்கியது. இடைத்தரகர் இல்லை, தராசு கண்முன்னே, விலை முன்கூட்டியே தெரியும் என்பவை இம்முறையின் நன்மைகள். தீமையும் உண்டு. தரம் பிரிக்கும்போது ஒதுக்கப்படும் கத்தரிக்காய் விவசாயியின் தலையில் விழுகிறது. இருந்தும் எங்கள் சந்தைகளில் நடப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வடக்கின் சந்தைகளில் 'கழிவு' என்று 100 கிலோவுக்கு 10 கிலோவைக் கழித்துவிட்டுக் காசு கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி விவசாயிகள் முறையிடாத ஆண்டு இல்லை. காணியில்லாமல் குத்தகைக்குச் செய்பவனுக்கு அந்தப் 10 கிலோதான் இலாபம். ஒரு பெரிய கடையின் உள்ளூர் உரிமையாளர் 'நான் கழிவு எடுக்கமாட்டேன், காசு ஏழு நாளில்' என்று வாசலில் எழுதிப்போட்டால் அதற்கு அவருக்குப் பெருஞ் செலவு இல்லை. பக்கத்து வியாபாரியும் மெல்ல மெல்ல மாற வேண்டி வரும். ஆயிரம் புத்தகப்பை கொடுப்பதைவிட இது பெரிய காரியம் என்பேன்.

பெயர்ப்பலகை வியாபாரத்தை எங்கள் சொந்தச் சங்கங்களே நடத்தும் உதாரணமும் கண்முன் இருக்கிறது. வடக்கில் பல எரிபொருள் நிரப்பு நிலையங்களைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. பலகை கூட்டுத்தாபனத்தினது, பம்பும் இலாபமும் அங்கத்தவர்களினது. யுத்த காலத்தில் பங்கீட்டு அரிசியையும் மண்ணெண்ணெயையும் சனத்திடம் சேர்த்தவையும் இதே சங்கங்கள்தான். 2022இல் எரிபொருளுக்கு வரிசை நின்ற மாதங்களில், அறுவடை மெசினுக்கு முதலில் டீசல் கொடுப்பதா, காருக்குக் கொடுப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு நிலையத்திலும் எழுந்தது. அதற்குப் பதில் சொல்பவர் எங்கள் வாக்கினால் தெரிவான இயக்குநர் சபையாக இருப்பதற்கும், கொழும்பில் இருக்கும் ஒருவராக இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கூட்டுறவுகளில் ஊழலும் சோம்பலும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. தனியார் கடையில் அது கிடையாது.

வேலை விடயம் சுருக்கமாகச் சொல்லலாம். புதிய கடைகளில் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது, அது நல்லது. பன்னிரண்டு மணிநேரம் நிற்க வைத்து, ஊழியர் சேமலாப நிதிக்குக் காசு கட்டாமல், நியமனக் கடிதமும் கொடுக்காமல் வைத்திருந்தால் அது நல்லதல்ல. கணவனை இழந்த பெண்களுக்கும் ஊனமடைந்த இளைஞருக்கும் இடம் ஒதுக்குவது உள்ளூர் உரிமையாளரின் கையில் இருக்கிறது. தலைமையகத்தின் அனுமதி தேவையில்லை.

இப்போது கடன். சிங்கர் 1856இல் கொண்டுவந்த தவணைமுறை ஏழைக்கு மெசின் கொடுத்தது. 2009க்குப் பின் அதே முறையோடு குத்தகைக் கொம்பனிகளும் நுண்கடன் கொம்பனிகளும் சேர்ந்து வந்தன. வீட்டுத்திட்டத்தின் கடைசிக் கொடுப்பனவு வருமுன்னே கதிரை, ரீவி, மோட்டார் சைக்கிள் வந்தன. மழை பிழைத்த வருடத்தில் தவணை பிழைக்கவில்லை; வாரா வாரம் வீட்டுப் படலையில் ஆள் நின்றார். நிலைமை முற்றி, 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. கடைக்காரர் இதில் குற்றமற்றவரா? பண்டத்தை விற்பவரும் கடன் படிவத்தை நீட்டுபவரும் ஒரே மேசையில் இருக்கும்போது, வாங்குபவரின் வருமானம் எந்த மாதத்தில் வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. காலபோகம் அறுப்பது மாசி, பங்குனியில். சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இருந்தால் மட்டும் ஆவணியில் இன்னொரு வருமானம். நெல் விற்பவனிடம் மாதத் தவணை கேட்பது மாதச் சம்பளக்காரனுக்குத் தைத்த சட்டையை அவனுக்கு மாட்டுவது போன்றது. போகத் தவணை, அதாவது அறுவடைக்குப் பின் கட்டும் தவணை, எழுதிக்கொடுக்கும் கடை ஒன்று இருந்தால் அக்கடையை நாடி நான்கு ஊர் போகும். கொம்பனிகளின் உள்ளூர்த் தலைவர்கள் இதைத் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்கலாம். அவர்களுக்கும் காசு திரும்பி வரும் வழி அதுதான்.

இடம்பெயர்ந்த குடும்பத்தின் நிலை இங்கு இன்னும் இக்கட்டானது. காணி உறுதி தொலைந்தவர், அனுமதிப்பத்திரம் மற்றவர் பெயரில் உள்ளவர், உறவினர் காணியில் கொட்டில் போட்டிருப்பவர் ஆகியோரைக் கொம்பனிகள் வழங்குநராகப் பதிய விரும்புவதில்லை. தனி ஆளாகப் போனால் வாசலில் நின்று திரும்ப வேண்டியதுதான். கமக்கார அமைப்பாக அல்லது கூட்டுறவாகப் போனால் பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கும். உள்ளே யார் விளைவித்தார் என்பது சங்கத்தின் கணக்கு. நம்மில் பலர் சங்கத்தைப் பசளை மானியத்துக்கு மட்டும் நினைக்கிறோம்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும்போது விதை யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2019இல் இந்தியாவின் குஜராத்தில், தான் பதிவு செய்த எஃப்.சி.5 என்ற உருளைக்கிழங்கு இனத்தைப் பயிரிட்டதாக விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டது. சிலரிடம் ஒரு கோடி ரூபாவுக்கு மேல் நட்டஈடு கேட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே அந்த ஆண்டு மே மாதத்தில் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. அந்த இனத்தின் பதிவு 2021இல் இரத்தாகி, 2024இல் நீதிமன்றத்தால் மீண்டும் உறுதியானது. பானத்தைப் போத்தலில் அடைக்க நாடு நாடாக உள்ளூர் முதலாளிகளுக்கு உரிமை கொடுத்து வளர்ந்த கொம்பனி அது. உள்ளூர் முதலாளியோடு பழகும் முறை ஒன்று, உள்ளூர் விவசாயியோடு பழகும் முறை இன்னொன்று.

வரும் போகத்தில் உங்கள் பகுதிக்குக் கொள்வனவு நிலையம் திறக்க யாராவது வந்தால், சங்கத்தின் செயலாளர் ஒரு கொப்பியுடன் போகட்டும். விலை எந்த நாளில் தீர்மானிக்கப்படும், கழிவு உண்டா, தரம் பிரிப்பது யார் முன்னிலையில், கழித்த மரக்கறியைத் திருப்பி எடுத்துச் செல்லலாமா, கூடை யாருடையது, லொறி வராத நாளின் நட்டம் யாருக்கு, காசு எத்தனை நாளில், கையிலா வங்கியிலா என்பவற்றைக் கேட்டு, பதிலை அங்கேயே எழுதி, வந்தவரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளட்டும். எள்ளு, நிலக்கடலை செய்யும் ஊர்களில், பிழிந்த எண்ணெயைப் போத்தலில் கடைத்தட்டில் வைக்க இடம் தருவீர்களா என்றும் சேர்த்துக் கேட்கலாம்.